பிழைகள்: பூஜ்யம்

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரையில் 'நல்வரவு' என்று ஆங்கிலத்தில் வரும். அதை ஒட்டி ஒரு காற்புள்ளி வரும். அதற்கப்புறம் ஒன்றும் வராது. ஜலாலுதீன் என்று வர வேண்டிய இடம் அது. முதல் வாரம் ஜலால் அந்த வெற்றிடத்தைப் பார்த்து எரிச்சல்பட்டான். அடுத்த மாதம் சிரித்தான். இப்போது அங்கே ஏதாவது எழுதியிருந்தால்தான் திடுக்கிடுவான் என்ற நிலைக்கு வந்துவிட்டான்.

நாவலூரில், பழைய மகாபலிபுரம் சாலையில், வெயில் ஏறினால் கண்ணைக் கூசவைக்கும் கண்ணாடிக் கட்டடம் அந்தக் கம்பெனியுடையது. கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், இந்தப் பெயரை இந்த இடத்தில் பயன்படுத்த அனுமதி வாங்கினாயா என்று கேட்பார்கள். ஏன் கேட்பார்கள் என்பது போகப் போகத் தெரியும்.

ஜலால் அங்கே வேலைக்குச் சேர்ந்தவன் இல்லை, சேர்க்கப்பட்டவன். அவன் வேலை பார்த்தது தாம்பரத்தில், ஸ்டேஷனுக்கு மேற்கே, ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்த குப்புராஜ் கம்ப்யூட்டர்ஸில். ஏரிக்கரை நிலத்தை மனை போட்டு விற்ற குப்புராஜ், கையில் காசு இருந்த தைரியத்தில் ஆரம்பித்த கம்பெனி அது. ஜவுளிக்கடை, மருந்துக்கடை, இரும்புக்கடை என்று கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தார்கள். கீழே பாத்திரத்தில் பெயர் வெட்டும் சத்தம், மேலே கீபோர்டு சத்தம். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரை அவரிடம் இருந்த கடைக்காரர்களுக்காக, பெரிய கம்பெனி அவரை மொத்தமாக வாங்கியது. கடைக்காரர்களோடு ஒட்டிக்கொண்டு முப்பது சொச்சம் ஆட்களும் வந்து சேர்ந்தார்கள்.

வந்த ஆட்களை யாராவது கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டுமே. அந்த வேலை ஜலாலுக்கு வந்தது. அதாவது, தன்னையும் தன் கூட்டாளிகளையும் கம்பெனிக்குள் படித்துக்கொள்ளும் புரோகிராமைத் தானே எழுத வேண்டும்.

குப்புராஜ் கம்ப்யூட்டர்ஸின் பழைய மெஷின் தினமும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பைத் துப்பும். பயப்பட வேண்டாம், பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு தகவலையும் ஒரு டப்பாவில் போட்டு, மேலே என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டி வைப்பது, அவ்வளவுதான். படிக்கிற புரோகிராமிடம் ஓர் அலமாரி இருக்கும். அதிலும் ஒவ்வொரு தட்டுக்கும் பெயர் உண்டு. டப்பாவின் பெயரும் தட்டின் பெயரும் ஒன்றாக இருந்தால் சரக்கு தட்டில் போய் உட்காரும். குப்புராஜின் டப்பாவில் 'ஸ்டாஃப் பெயர்' என்று ஒட்டியிருந்தது. பெரிய கம்பெனியின் அலமாரியில் 'அசோசியேட் பெயர்' என்று எழுதியிருந்தது. அங்கே யாரும் ஸ்டாஃப் கிடையாது. எல்லாரும் அசோசியேட். அது சேர்மனின் தொலைநோக்கு.

புரோகிராம் டப்பாவைப் பார்த்தது. தன் தட்டில் எழுதிய பெயர் இல்லை. சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை, அப்படியே தாண்டிப் போனது. ஆனால் ஆள் கணக்கு மட்டும் சரியாக வைத்தது. முப்பது சொச்சம் அசோசியேட்டுகள் உள்ளே போனார்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை, எண் இல்லை, பிறந்த தேதி இல்லை. வேலை முடிந்ததும் புரோகிராம் ஒரு வரி அச்சடித்தது. பிழைகள்: பூஜ்யம்.

பெயர் இல்லாதவனுக்கு அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாதவன் உள்ளே போக முடியாது. சம்பளம் மட்டும் பழைய பேங்க் ஏற்பாட்டில் மார்ச் கடைசி வரை வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தினமும் வாசலில் கோதண்டம் என்ற செக்யூரிட்டி அவர்களை விசிட்டர் ரிஜிஸ்தரில் எழுதி உள்ளே அனுப்பினார்.

"இன்னா சார், இன்னிக்கும் கார்டு வர்லியா?"

"வரலண்ணா."

"அப்ப விசிட்டர்னுதான் போடணும். யார பாக்கணும்?"

"பேபிக்காவ."

"அது எங்க கீது?"

"பின்னாடிதான் வருது. அது என்னைப் பாக்க வருது."

கோதண்டம் தலையாட்டிக்கொண்டே எழுதுவார். ஜலால் பேபியைப் பார்க்க வந்தவன், பேபி ஜலாலைப் பார்க்க வந்தவள். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டு உள்ளே போய், ஆளுக்கொரு மாடியில் உட்கார்ந்து, பெரும்பாலும் சாயங்காலம் வரை ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள். மற்ற ஆட்களும் இப்படியே ஜோடி சேர்ந்துகொண்டார்கள்.

பேபி குப்புராஜ் கம்ப்யூட்டர்ஸில் கணக்கு பார்த்தவள். கணக்கு என்று பெயர். ஆட்களுக்கு லீவு போடுவதிலிருந்து குப்புராஜுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது வரை அவள்தான். நாற்பத்தைந்தைத் தாண்டியவள், கல்யாணம் ஆகவில்லை. கோவிலம்பாக்கத்தில் தங்கை கனகவல்லி வீட்டில் இருந்தாள். நாற்காலியில் போட்டு உட்கார ஒரு நீலச் சதுரத் திண்டு வைத்திருந்தாள். தாம்பரத்திலிருந்து நாவலூருக்கு அவள் எடுத்து வந்த ஒரே சாமான் அதுதான்.

அவளுக்கு வயிற்றில் கட்டி. மாசத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. குரோம்பேட்டையில் டாக்டர், கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், பொங்கல் முடிந்ததும் செய்துவிடலாம், அதற்கு மேல் தள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டார். கம்பெனியில் இன்ஷூரன்ஸ் அட்டை கொடுப்பார்களே, அதைக் கொண்டு வாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள் கவுண்டரில். அட்டை கொடுக்கிறவர்களுக்குப் போன் போட்டால், உங்கள் கம்பெனி அனுப்பிய பட்டியலில் உங்கள் வரிசை இருக்கிறது மேடம், பெயர்தான் காலியாக இருக்கிறது, காலிக்கு அட்டை அடிக்க முடியாது என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

பேபி இதை ஜலாலிடம் கேன்டீனில் சொன்னாள். சொல்லும்போது மோரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"நீதான அந்த புரோகிராம் எழுதுன. ஏம்பா, சரி பண்ண முடியாதா?"

"ஒரே ஒரு வரிதான்க்கா. வெளியே ஸ்டாஃப்னு வந்தா, உள்ளே அசோசியேட்னு எடுத்துக்கோன்னு மேல எழுதிட்டா முடிஞ்சுது. டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஆயிடும்."

"அப்ப எழுதேன்."

"எழுதிட்டேன்க்கா. என் மெஷின்ல எல்லார் பேரும் வருது. உன் பேரு நாலாவதா வருது."

"பின்ன?"

பின்ன என்ன, பெயர்க் குழு. அந்தக் கம்பெனியில் ஒரு வரி எழுதினாலும், அது உள்ளே போவதற்கு முன் ஒரு காவல் புரோகிராம் அதை மோந்து பார்க்கும். தடை செய்யப்பட்ட வார்த்தை எதுவும் இருந்தால் திருப்பி அனுப்பும். தடைப் பட்டியலின் தலையில் இருந்த வார்த்தை ஸ்டாஃப். பட்டியலை வைத்திருந்தது பெயர்க் குழு. அதன் தலைவர் ஏகநாதன், வைஸ் பிரசிடென்ட், பெயரிடல். நாலு வருஷமாக அந்தக் கட்டடத்தில் பிறந்த ஒவ்வொரு புரோகிராமுக்கும் அவர்தான் பெயர் வைத்தார். கேன்டீனில் தொங்கிய 'ஸ்டாஃப் ஒன்லி' பலகையைக் கழற்றியவரும் அவரே. கழிவறைக் கதவில் 'அசோசியேட்ஸ் ஒன்லி' என்று புதுப் பலகை மாட்டினார். கழிவறை கழுவுகிறவர்கள் கான்டிராக்ட் ஆட்கள், அசோசியேட் இல்லை என்பது மாட்டிய பிறகு தெரிந்தது. மூன்று நாள் யாரும் கழுவவில்லை. பலகையைக் கழற்றவில்லை, கழுவுகிற பெண்களைத்தான் விசிட்டர் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஜலால் தன் வரியைக் குழுவுக்கு அனுப்பினான். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

குழு அறையில் குளிர் அடித்தது. ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், நடுவில் சமோசா இருந்தது. ஜலால் உள்ளே போனபோது அசோசியேட்டின் மனைவியை என்னவென்று அழைப்பது என்ற விவாதம் நடந்துகொண்டிருந்தது. மனைவி என்றால் கணவன் விட்டுப்போகிறது, துணை என்றால் கம்பெனிக்குத் துணையா அசோசியேட்டுக்குத் துணையா என்ற சந்தேகம் வருகிறது. கடைசியில் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். அதுவரை யாருக்கும் மனைவி கிடையாது என்று குறிப்பில் எழுதப்பட்டது.

"சொல்லுங்க," என்றார் ஏகநாதன். பெயர் சொல்லிக் கூப்பிடத் தாளைப் பார்த்தார். தாளில் அந்த இடம் காலி. "சொல்லுங்க, நண்பரே."

"சார், பழைய கோப்புல ஸ்டாஃப்னு..."

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைத் தூக்கினார். ஏகநாதன் கையைக் காட்டினார். "அந்த வார்த்தை இந்த ரூம்ல வேண்டாமே. மினிட்ஸ்ல ஏறிடும். முதல் எழுத்த மட்டும் சொல்லுங்க."

"சரி சார். கோப்புல எஸ்ஸுனு வருது. நம்மகிட்ட அசோசியேட்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான்னு ஒரு வரி சொல்லணும். எங்க வீட்ல ஹார்லிக்ஸ் பாட்டில்லதான் துவரம்பருப்பு இருக்கும் சார். எல்லார் வீட்லயும் அப்படித்தான். பாட்டில் மேல ஹார்லிக்ஸ்னு இருந்தாலும் சாம்பார் வைக்கறவங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியும். அந்தத் தெரிஞ்ச விஷயத்தத்தான் ஒரு வரில எழுதியிருக்கேன்."

ஒரு உறுப்பினர் மெதுவாகக் கேட்டார். "அது லேபிளிங் வயலேஷன் இல்லையா?"

"எங்க வீட்ல ஒவ்வொரு டப்பாவுக்கும் சரியான லேபிள் இருக்கு," என்றார் ஏகநாதன். குரலில் பெருமை இருந்தது. "என் வைஃபுக்கு முதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. இப்ப அவங்க அம்மா வீட்ல இருக்காங்க. லேபிள் எல்லாம் அப்படியே இருக்கு."

எல்லாரும் தலையாட்டினார்கள்.

"சார், எங்க கூட வேலை பாக்கற ஒருத்தங்களுக்கு ஆபரேஷன். இந்தப் பேரு ஏறலேன்னா கார்டு வராது."

"வருத்தமா இருக்கு. நிஜமா வருத்தமா இருக்கு. ஆனா பாருங்க நண்பரே, நீங்க ஆளப் பாக்கறீங்க, நாங்க பேரப் பாக்கறோம். ஆள் இன்னிக்கு வருவாங்க, நாளைக்குப் போவாங்க. பேரு நிக்கணும். இந்தக் குழு ஆரம்பிச்சு நாலு வருஷத்துல ஒரு தப்பான பேரக்கூட நாங்க உள்ள விட்டதில்ல. சரியான பேரும் அதிகமா விட்டதில்ல, அது வேற விஷயம்."

"அப்ப கோப்புலயே மாத்தி எழுதிடட்டுமா சார்?"

"மூலத் தகவல்ல கை வைக்கறதா? ஆடிட்ல மாட்டிக்குவீங்க."

"நம்ம அலமாரில பேர மாத்தினா?"

ஒருவர் சமோசாவைக் கீழே வைத்துவிட்டார்.

கடைசியில் ஏகநாதன் மனம் இறங்கினார். விதிவிலக்கு கேட்கலாம். அதற்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. கேட்கிறவர் தன் அசோசியேட் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

"எனக்கு எண் இல்ல சார். அது வர்றதுக்குத்தான் இந்த வரி."

"அப்படின்னா எண் வந்ததும் அப்ளை பண்ணுங்க," என்றார் ஏகநாதன். சிரித்த முகமாகத்தான் சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை அவர்.

எண் உள்ள யாராவது தனக்காக விண்ணப்பம் போடுவார்களா என்று ஜலால் பார்த்தான். பக்கத்து இருக்கைக்காரன், இது அப்ரைசல் சமயம் மச்சான் என்றான். எதிர் இருக்கைக்காரன் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு லீவில் போனான். ஜலாலுக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று காத்திருந்தான். கம்பெனி பஸ்ஸில் மேடவாக்கம் தாண்டித் தாம்பரம் வந்து சேரும் வரைகூட வரவில்லை. வீட்டில் மனைவி ஜஹீரா கேட்டாள்.

"அவ்ளோ பெரிய கம்பெனில உங்கள ஒருத்தருக்கும் தெரியாதா?"

"தெரியும். கம்ப்யூட்டருக்குத்தான் தெரியாது."

"கம்ப்யூட்டருக்கு யாரு சொல்லணும்?"

"நான்தான்."

அவள் தோசைக் கல்லை அடுப்பில் வைத்தாள்.

டிசம்பர் கடைசியில் கம்பெனியில் பரிசளிப்பு விழா நடந்தது. அந்த வருஷம் ஒரு பிழைகூட இல்லாமல் ஓடிய புரோகிராமுக்குப் பரிசு. தேடிப் பார்த்ததில் அப்படி ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. தினமும் ஓடுகிறது, தினமும் பூஜ்யம். எழுதியவரை மேடைக்கு அழைக்க, ஒலிபெருக்கியில் பெயரைப் படிக்கிறவர் உறையைப் பிரித்து, "இந்த ஆண்டின் வெற்றியாளர்..." என்று நிறுத்தினார். தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி, "இந்த ஆண்டின் வெற்றியாளர்," என்றார். கூட்டம் கைதட்டிவிட்டது. பின்வரிசையில் பேபி ஜலாலின் முதுகைத் தட்டி, "நீதான், போ," என்றாள். போனான். பித்தளைக் கோப்பை ஒன்று கொடுத்தார்கள். அடியில் 'பெருமையுடன் வழங்கப்படுகிறது' என்று பொறித்து, கீழே பெயருக்கான இடத்தை வழவழவென்று விட்டிருந்தார்கள். சேர்மன் கை குலுக்கினார். பிழையே செய்யாத மனிதர்களால்தான் இந்த நிறுவனம் நிற்கிறது என்று அவன் காதருகில் சொன்னார்.

தாம்பரத்தில் பாத்திரக்கடைக்காரர் சும்மாவே பெயர் வெட்டிக் கொடுப்பார். ஜலால் அதற்கும் போகவில்லை.

பொங்கல் வந்தது. பேபியின் முகம் வெளுத்திருந்தது. படியேறும்போது பாதியில் நின்று, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்ப்பாள். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான். ஜலால் தினமும் குழுவுக்கு ஒரு மெயில் அனுப்பினான். பதிலாக, உங்கள் மடல் கிடைத்தது, அன்புள்ள, என்று தொடங்கும் ஒரு மடல் வந்தது. அன்புள்ளவுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

பேபிக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று யோசனை. கனகவல்லி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே வரிசை சித்திரைக்குத்தான் நகரும் என்றார்கள்.

ஒருநாள் மத்தியானம் மனிதவளத்தில் வேலை பார்க்கும் தேவதர்ஷினி பேபி, ஜலால் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். சின்னப் பெண். எதைச் சொன்னாலும் புன்னகையோடு சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதனால் கதவைச் சாத்திவிட்டுப் புன்னகைத்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, ஒரு வழி இருக்கு. நான் சொன்னதா இருக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"உங்க பழைய ஆபீஸ்லேர்ந்து வந்த விக்கி போன மாசம் ரிசைன் பண்ணாரு இல்ல? அவருக்கு லெட்டர் அடிச்சேன். பேரு, பிறந்த தேதி, எல்லாம் கரெக்டா வந்துச்சு. எனக்கே ஆச்சரியம். கேட்டா, ராஜினாமா பாக்கற சிஸ்டம் வெளியாளுகிட்ட வாங்குனது. அத எழுதுன ஆளு, எந்தப் பேர்ல வந்தாலும் ஆளுன்னு எடுத்துக்கோன்னு எழுதியிருக்கான்."

ஜலாலுக்குப் புரிந்துவிட்டது. அவன் எழுதிய அதே வரி. "அது குழுவுல எப்படி பாஸ் ஆச்சு?"

"குழு பாக்கவே இல்ல. ஏகநாதன் சார்கிட்ட கேட்டேன். போறவங்க எங்க ஸ்கோப்ல வர மாட்டாங்க, போறவங்களுக்கு எந்தப் பேரு இருந்தா என்னம்மான்னாரு." தேவதர்ஷினி தண்ணீர் குடித்தாள். "கம்பெனிய விட்டுப் போறவங்களுக்கு மூணு மாசம் இன்ஷூரன்ஸ் உண்டு. நம்ம மனிதாபிமானக் கொள்கை. ராஜினாமா போட்டா நாலு நாள்ல கார்டு வந்துடும்."

பேபி எழுந்துகொண்டாள். புன்னகை தாங்காமல் தேவதர்ஷினி மேஜையைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் ஜலால், "வேணாம்க்கா," என்றான். "இன்னும் ஒரு வாரம் பாப்போம். நான் நேரா சேர்மனப் பாக்கறேன்."

"சேர்மன், நீ யாருன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"பரிசு வாங்குனவன்னு சொல்லுவேன்."

"அது யாருன்னு அவருக்கும் தெரியாது, உனக்கும் எழுதிக் குடுக்கல." பேபி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஜலாலு, என் தங்கச்சி வூட்ல நான் இத்தன வருஷம் தலை நிமிர்ந்து இருந்தேன்னா இந்த வேலைதான். சம்பளத் தேதிக்குப் பழம் வாங்கினு போவேன். அவ வூட்டுக்காரர் எழுந்து சேர் போடுவாரு. அது போகுமேன்னுதான் இருக்கு. ஆனா உடம்பு நிக்க வுடல."

ஜலாலிடம் இருந்தது ஒரு வரி. அதை யாரும் உள்ளே விடவில்லை.

ராஜினாமாவை அவனுடைய மேஜையில் உட்கார்ந்துதான் போட்டாள். தன் பழைய தாம்பரம் எண்ணைக் கொடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்ததும் திரையில் வந்தது. 'எங்களைவிட்டுப் போகிறீர்களா, பேபி?' இருவரும் அதைப் பார்த்தார்கள். அந்தக் கட்டடம் அவள் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பேபி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். பிறகு ஆமாம் என்ற இடத்தை அழுத்தினாள்.

நாலாம் நாள் அட்டை வந்தது. அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. கட்டி பெரிதாக இருந்தது, இன்னும் தள்ளியிருந்தால் சிக்கல் என்று டாக்டர் சொன்னாராம். ஜலாலும் ஜஹீராவும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு குரோம்பேட்டைக்குப் போனபோது பேபி தலையணையில் சாய்ந்திருந்தாள். அட்டையை ஜஹீராவிடம் காட்டினாள். பெயர் சரியாக இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் முன்னாள் அசோசியேட் என்று இருந்தது. அசோசியேட்டாக ஒருநாள்கூட இருக்காமல் அவள் நேராக முன்னாள் ஆகியிருந்தாள்.

"வலி இருக்காக்கா?" என்று கேட்டாள் ஜஹீரா.

"மருந்து போட்டுருக்காங்க. ஒண்ணும் தெரியல."

தனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று ஜலால் சொல்ல நினைத்தான். தனக்கு யாரும் மருந்து போடவில்லையே என்று தோன்றியதால் சொல்லவில்லை.

பிப்ரவரியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஆடிட்டர்கள் வந்தார்கள். பெயரே இல்லாத ஒரு கூட்டத்துக்கு ஒரு பழைய பேங்க் வழியாக சம்பளம் போவதைக் கண்டுபிடித்தார்கள். இது மோசடியா இல்லையா என்று கேட்டார்கள். கேட்டது காலை பத்து மணிக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் பெயர்க் குழு அவசரமாகக் கூடி, ஸ்டாஃப் என்ற வார்த்தையைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்து, மரபுச் சொற்கள் என்ற புதுப் பட்டியலில் வைத்தது. ஜலாலின் வரிக்கு 'பெயர்ப் பாலம்' என்று பெயர் சூட்டப்பட்டது. கண்டுபிடித்தது குழு என்று அறிவிக்கப்பட்டது.

அந்த ஒரு வரியைத் திறந்துவைக்க விழா வைத்தார்கள். குத்துவிளக்கு வந்தது. சேர்மன் முதல் திரியை ஏற்றினார், ஏகநாதன் அடுத்த திரியை. "சில பேர் கேக்கறாங்க, ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு நாள்னு," என்று ஏகநாதன் பேசினார். "ஒரு வரிங்கறதாலதான். பெரிய புரோகிராம்ல நாம எத்தனையோ தப்ப கவனிக்காம விட்டுடறோம். ஒரு வரின்னா எல்லாரும் பாக்க முடியுது, எல்லாரும் கருத்து சொல்ல முடியுது. இதுதான் இந்தக் குழுவோட பலம்." கைதட்டல் நின்றதும் ஜலாலைப் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினான். புரோகிராம் ஓடியது. பிழைகள்: பூஜ்யம். அது எப்போதும் சொல்வதுதான்.

மறுநாள் காலை திரையில் 'நல்வரவு, ஜலாலுதீன்' என்று வந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் இடம் விட்டுப் பார்த்தான். பிறகு மெயிலைத் திறந்தான். பழைய ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. நாலாவது இடத்தில் ஐந்தாவது ஆள் வந்திருந்தார். வேலையில் இல்லாதவர்களைப் பழைய மெஷின் கோப்பில் எழுதுவதில்லை.

மார்ச்சில் ஒரு நாள் வாசலிலிருந்து கோதண்டம் போன் செய்தார். "சார், விசிட்டர் வந்துகீறாங்க."

ஜலால் கழுத்தில் அட்டை ஆட இறங்கி வந்தான். பேபி நின்றிருந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் முகத்தில் ரத்தம் வந்திருந்தது.

"என் திண்டு இங்கயே கீது," என்றாள். "வூட்ல தரையில குந்த முடியல. அத எடுத்துனு போலாம்னு வந்தேன்."

கோதண்டம் ரிஜிஸ்தரைத் திருப்பி வைத்தார். பெயர் என்ற இடத்தில் பேபி தன் பெயரை எழுதினாள். யாரைப் பார்க்க என்ற இடத்தில் ஜலால் என்று எழுதினாள். பேனாவைக் கீழே வைக்காமல் முன் பக்கங்களைப் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் அவள் பெயரும் அவன் பெயரும் மாறி மாறி இருந்தன.

"எத்தினி நாளு இதுல பொய் எழுதிகினு இருந்தோம் பாரு," என்றாள். "இன்னிக்குத்தான்டா நெசமா உன்னப் பாக்க வந்துகீறேன்."

ஜலால் தலையைக் குனிந்துகொண்டான். மேலே போய்த் திண்டை எடுத்து வந்தான். அவளுடைய பழைய நாற்காலியில் யாரோ புது ஆள் உட்கார்ந்திருந்தான், திண்டு மேஜைக்கு அடியில் கிடந்தது. தட்டினால் தூசி பறந்தது.

உள்ளேயிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் சீட்டு போட வேண்டும். சீட்டில் ஓர் அசோசியேட் கையெழுத்து வேண்டும். கோதண்டம் சீட்டுப் புத்தகத்தை எடுத்து, பொருள் என்ற இடத்தில் திண்டு என்று எழுதினார். கார்பன் தாளைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"இது திரும்ப உள்ள வருமா, வராதா? டிக் பண்ணணும்."

ஜலால் பேபியைப் பார்த்தான்.

"வராதுண்ணா," என்றாள் பேபி.

வராது என்ற கட்டத்தில் ஜலால் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டு, கீழே தன் அசோசியேட் எண்ணை எழுதினான். அட்டையைப் பார்க்காமலே எழுத வந்தது.